'தெரியல' வேற, 'முடிக்கல' வேற: பயிற்சித் தளத்தையும் அடையாள ஆளுகையையும் இணைப்போம் வாங்க!



கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆகி, ஒரு கம்பெனியில் முதல் நாள் போய் உட்காருறீங்கனு வெச்சுக்கோங்க. லேப்டாப் வரும், ஐடி கார்டு வரும். மெயிலைத் திறந்தால் முதல் சில மெயில்களில் ஒன்று அநேகமாக இப்படி இருக்கும்: "உங்களுக்குத் தகவல் பாதுகாப்புப் பயிற்சி ஒதுக்கப்பட்டுள்ளது. 7 நாட்களுக்குள் முடிக்கவும்." நம்மில் பலர் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கடைசியில் வரும் க்விஸ்ஸைத் தட்டி முடித்துவிட்டு, அன்றைக்கே மறந்தும் விடுவோம்.

ஆனால் ஒரு பொறியியல் மாணவரா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீங்க வேலைக்குச் சேர்ந்த விஷயம் அந்தப் பயிற்சித் தளத்துக்கு எப்படித் தெரிந்தது? நீங்க பயிற்சியை முடித்தது வேறு எந்த அமைப்புக்குப் போய்ச் சேரும்? முடிக்காமல் விட்டால் உங்கள் அணுகலைப் பறிக்கலாமா, அதை முடிவு செய்வது மனிதரா, நிரலா?

இந்த 3 கேள்விகளுக்கும் பதில் ஒரே இணைப்பில் இருக்கு. பாதுகாப்புப் பயிற்சித் தளத்துக்கும் அடையாள ஆளுகை அமைப்புக்கும் நடுவே போடும் இணைப்பு அது. அதை எப்படிப் போடுவது, எங்கே தடுமாறும், எந்த இடத்தில் நிரலை நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடணும் என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

இரண்டு அமைப்புகள், இரண்டு வேலைகள்

முதலில் பாதுகாப்புப் பயிற்சித் தளம். இது நம்ம கல்லூரியில் பயன்படுத்தும் மூடில் மாதிரியான ஒன்றுதான், ஆனால் பாடம் ஒன்றே ஒன்று: ஏமாறாமல் இருப்பது எப்படி? வீடியோ, க்விஸ் ஆகியவற்றோடு, ஊழியர்களுக்குப் போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி யார் கிளிக் செய்கிறார்கள், யார் புகார் செய்கிறார்கள் என்றும் பதிவு செய்யும். 2010-ல் தொடங்கிய நோபிஃபோர் இந்தத் துறையில் பெரிய பெயர்.

அடுத்தது அடையாள ஆளுகை அமைப்பு. 'ஐடென்டிட்டி கவர்னன்ஸ்' என்று சொல்வார்கள். ஒரு நிறுவனத்தில் யாரெல்லாம் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எந்தெந்த மென்பொருளில் என்னென்ன அனுமதி இருக்கு, அந்த அனுமதியை யார் கொடுத்தது, இன்னும் அது தேவைதானா என்ற கணக்கை வைத்திருப்பது இதன் வேலை. சேர்பவர், துறை மாறுபவர், விலகுபவர் என்ற மூன்று நிலைகளிலும் அனுமதிகளைக் கொடுப்பதும் எடுப்பதும் இங்கிருந்துதான் நடக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை மேனேஜர்களிடம் பட்டியலைக் காட்டி, "இவருக்கு இந்த அனுமதி தொடரணுமா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் வேலையும் இதனுடையதே. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2005-ல் தொடங்கிய செயில்பாயிண்ட் இதில் பிரபலம். திறந்த மூலத்தில் வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் எவால்வியம் உருவாக்கும் மிட்பாயிண்ட் இருக்கு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். "சிங்கிள் சைன் ஆன் இருக்கே, ஒரே லாகின்ல எல்லாத்துக்கும் போயிடலாமே, அப்புறம் தனியா எதுக்கு இணைப்பு?" என்று கேட்கலாம். சைன் ஆன் என்பது வாசலில் நிற்கும் காவலர். நீங்க வரும்போது மட்டும்தான் அவருக்கு வேலை. வராதவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. முதல் முறை லாகின் செய்யும்போதுதான் பயிற்சித் தளத்தில் அக்கவுண்ட் உருவாகும் என்று அமைத்துவிட்டால், ஒருமுறைகூட லாகின் செய்யாதவர் அந்தத் தளத்தின் பட்டியலிலேயே இருக்க மாட்டார். அவருக்கு நினைவூட்டல் மெயிலும் போகாது, 'முடிக்காதவர்கள்' அறிக்கையில் பெயரும் வராது. யாரைப் பிடிக்க அறிக்கை போட்டோமோ, அவரே அறிக்கையில் இல்லை!

ஏன் இணைக்கணும்?

2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் நடந்ததைப் பாருங்க. ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் கணக்குகளிலிருந்து "பிட்காயின் அனுப்புங்க, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று ட்வீட்கள் வந்தன. தாக்கியவர்கள் குறிவைத்தது 130 கணக்குகளை. அதில் 45 கணக்குகளிலிருந்து ட்வீட் போட்டார்கள். அவர்கள் உள்ளே நுழைந்தது சிக்கலான நிரல் பிழை வழியாக அல்ல. ஊழியர்களுக்கு போன் செய்து, ஐடி உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாக நம்பவைத்து, லாகின் விவரங்களை வாங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். முதலில் ஏமாற்றப்பட்ட எல்லோரிடமும் கணக்குகளை மாற்றும் கருவிக்கான அனுமதி இல்லை. ஆனால் அவர்களின் லாகினை வைத்து உள்ளே போய், நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்ததாக அந்த அனுமதி உள்ளவர்களைக் குறிவைத்தார்கள்.

இப்போ நம்ம இரண்டு அமைப்புகளையும் யோசிங்க. யாருக்கு ஃபிஷிங் பயிற்சி முடியவில்லை என்பது ஒரு அமைப்பில் இருக்கு. யாருக்கு ஆபத்தான அனுமதி இருக்கு என்பது இன்னொன்றில் இருக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் "பெரிய அனுமதி இருக்கு, ஆனால் பயிற்சி முடிக்கல" என்ற சின்னப் பட்டியல் கிடைக்கும். பல்லாயிரம் பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதைவிட, அந்தப் பட்டியலில் உள்ள நாற்பது பேரிடம் நேரில் பேசுவது பயனுள்ளது.

போகும் வழி: ஆட்களை அனுப்புவது

இணைப்பில் இரண்டு திசை உண்டு. ஆளுகை அமைப்பிலிருந்து பயிற்சித் தளத்துக்கு ஆட்களின் விவரம் போவது ஒன்று. பயிற்சியின் நிலை அங்கிருந்து திரும்பி வருவது மற்றொன்று. முதலாவது குழாய் வேலை மாதிரி. ஒழுங்காகப் பொருத்தினால் ஓடும்.

இதற்கென்றே ஒரு தரநிலை இருக்கு. பெயர் ஸ்கிம். 2011-ல் வந்தபோது அந்தப் பெயரின் முதல் எழுத்து 'சிம்பிள்' என்ற சொல்லைக் குறித்தது. பிறகு 'சிஸ்டம்' என்று மாறிவிட்டது. இப்போது நாம் பயன்படுத்தும் இரண்டாம் பதிப்பை ஐ.இ.டி.எஃப் அமைப்பு 2015 செப்டம்பரில் வெளியிட்டது. ஆர்.எஃப்.சி 7643 தரவு எப்படி இருக்கணும் என்று சொல்கிறது. ஆர்.எஃப்.சி 7644 அதை எப்படிப் பரிமாறணும் என்று சொல்கிறது.

வெப் டெவலப்மென்ட் லேபில் ரெஸ்ட் ஏ.பி.ஐ செய்திருந்தால் இது உங்களுக்கு ரொம்பப் பழகின விஷயம்தான்:

1. புதியவர் சேர்ந்தால்: 'யூசர்ஸ்' முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை. உள்ளே ஜேசான் வடிவில் அவர் விவரம்.
2. துறை மாறினால்: அவருடைய பதிவுக்கு ஒரு பேட்ச் கோரிக்கை. மாறிய புலம் மட்டும் போனால் போதும்.
3. விலகினால்: இன்னொரு பேட்ச். 'ஆக்டிவ்' என்ற புலத்தின் மதிப்பு 'ஃபால்ஸ்' ஆகும்.
4. ஏற்கெனவே இருக்கிறாரா என்று பார்க்க: ஒரு கெட் கோரிக்கை, கூடவே ஒரு வடிகட்டி.

மூன்றாவதில் ஏன் டெலீட் இல்லைனு கேட்டீங்களா? நல்ல கேள்வி. விலகியவரின் அக்கவுண்டை அழித்தால் அவர் எப்போது பயிற்சி முடித்தார் என்ற வரலாறும் சேர்ந்து போய்விடலாம். அடுத்த ஆண்டு ஆடிட்டர் வந்து, "போன மார்ச்சில் சர்வர் அனுமதி வைத்திருந்த எல்லோரும் பயிற்சி முடித்திருந்தார்களா?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் செயலிழக்கச் செய்வது, குறிப்பிட்ட காலம் கழித்து விதிப்படி அழிப்பது என்பதே வழக்கம்.

விலகியவரின் அக்கவுண்டை மூடாமல் விட்டால் என்ன ஆகும்? 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாய்த் தொடரையே நிறுத்த வேண்டி வந்தது. தாக்கியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என் கணக்கு வழியாக. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அதில் இல்லை. நிறுவனம் கொடுத்த பணயத்தொகை 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். யாரும் கவனிக்காத ஒரு கணக்குக்கு அவ்வளவு விலை.

பெயரும் இனிஷியலும்

போகும் வழியில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. இரண்டு அமைப்பிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பெயரை வைத்துப் பொருத்தலாமா? நம்ம ஊர்ப் பெயர்களை நினைச்சுப் பாருங்க. மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு 'கார்த்திக் செல்வராஜ்'. ஸ்கிம்மில் பெயருக்கான பகுதியில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனிப் புலங்கள் இருக்கு. தரநிலைப்படி ஒரு பயனருக்குக் கட்டாயம் தர வேண்டிய புலம் 'யூசர்நேம்' மட்டுமே. குடும்பப் பெயர் கட்டாயமில்லை. ஆனால் நடைமுறையில் பல மென்பொருள்கள் அதைக் கேட்டு அடம்பிடிக்கும். குடும்பப் பெயரே இல்லாத நாம் அங்கே 'எஸ்' என்று ஒற்றை எழுத்தைப் போடுவோம். பக்கத்து அமைப்பில் வேறொருவர் அங்கே அப்பா பெயரைப் போட்டிருப்பார். ஒரே கார்த்திக் இரண்டு ஆளாகிவிடுவார். ஒரு கார்த்திக் பயிற்சி முடித்திருப்பார், இன்னொரு கார்த்திக் பெயரில் எச்சரிக்கை மெயில் போய்க்கொண்டே இருக்கும்!

சரி, மின்னஞ்சலை வைத்துப் பொருத்தலாமா? அதுவும் மாறும். எழுத்துப்பிழையைத் திருத்தும்போது மாறும், நிறுவனம் பெயர் மாற்றினால் மாறும். விலகியவரின் முகவரியை அதே பெயருள்ள புதியவருக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். பழையவரின் பயிற்சிச் சான்று புதியவரின் கணக்கில் ஏறிவிடும்.

அதனால்தான் மாறாத எண் ஒன்று வேணும். ஸ்கிம்மில் 'எக்ஸ்டர்னல் ஐடி' என்று ஒரு புலம் இருக்கு. அனுப்பும் அமைப்பு தன் பக்கத்து அடையாளத்தை அதில் வைக்கலாம். ஹெச்.ஆர் கொடுக்கும் ஊழியர் எண்ணை அதில் போடுங்க. பெறும் தளம் தன் பங்குக்கு ஒரு 'ஐடி' கொடுக்கும். அதைத் திரும்ப வாங்கி உங்கள் பக்கம் சேமித்துக்கொள்ளுங்க. இந்த இரண்டும் இருந்தால் பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆள் மாற மாட்டார்.

வரும் வழி: பயிற்சி நிலையைத் திரும்பப் பெறுவது

இப்போ எதிர்த்திசை. 'பயிற்சி முடித்தாரா' என்ற புலம் ஸ்கிம்மின் அடிப்படைத் தரவில் இல்லை. கூடுதல் புலங்களைச் சேர்க்கத் தரநிலை வழி விட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பயிற்சித் தளங்கள் அறிக்கைக்கென்று தனி ஏ.பி.ஐ வைத்திருக்கும். ஆளுகை அமைப்பு குறிப்பிட்ட இடைவெளியில் அதைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஆளின் பதிவையும் இழுத்து, ஊழியர் எண்ணோடு பொருத்தி வைக்கும்.

கேட்க எளிதாக இருக்கு. எங்கே சறுக்கும் என்று மூன்று இடம் சொல்றேன்.

முதலாவது, பக்க எண்கள். ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே பதிலில் வராது, பக்கம் பக்கமாக வரும். நம்ம புரோகிராமிங் பழக்கத்தில் எண்ணிக்கை 0-ல் தொடங்கும். ஆனால் ஸ்கிம்மில் பட்டியலின் தொடக்க எண் 1. நீங்க 0 அனுப்பினால் அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். நூறு நூறாகக் கேட்கும்போது 0, 100, 200 என்று போனால் 100-வது ஆள் இரண்டு முறை வருவார். 1, 101, 201 என்று போகணும். தளத்தின் சொந்த அறிக்கை ஏ.பி.ஐ வேறு முறையில் எண்ணலாம். ஆவணத்தைப் படித்துவிட்டு எழுதுங்க.

இரண்டாவது, நேரம். சர்வர்கள் பொதுவாக யூ.டி.சி நேரத்தில் பதிவு செய்யும். நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். நீங்க ஜூலை 1 அதிகாலை 2 மணிக்குப் பயிற்சியை முடித்தால், சர்வரில் அது ஜூன் 30 இரவு 8:30. கடைசி நாள் ஜூன் 30 என்றால் நீங்க சரியான நேரத்தில் முடித்தவரா, தாமதமானவரா? எந்த நேர மண்டலத்தில் கணக்கிடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வைக்கணும்.

மூன்றாவது, தாமதம். 'உடனே' என்று நாம் நினைப்பது உண்மையில் உடனே இல்லை. உதாரணமாக மைக்ரோசாஃப்ட் என்ட்ராவின் தானியங்கி ஒத்திசைவு சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். கடைசி நிமிடத்தில் பயிற்சியை முடித்த ஒருவர், அடுத்த ஒத்திசைவு வரை ஆளுகை அமைப்பின் பார்வையில் 'முடிக்காதவர்'தான். அந்த இடைவெளியில் விதி ஓடினால் தவறான ஆள் மாட்டுவார்.

மூன்று நிலை, இரண்டு அல்ல

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீங்கனா, அது இதுவாக இருக்கட்டும்.

பயிற்சி நிலையை வைக்க ஒரு பூலியன் புலம் போடத் தோன்றும். முடித்தார் என்றால் ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். ஆனால் உண்மையில் இருப்பது மூன்று நிலை: முடித்தார், முடிக்கவில்லை, தெரியவில்லை. டி.பி.எம்.எஸ் பாடத்தில் 'நல்' என்பது பூஜ்ஜியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல என்று படித்தோமே, அதேதான். பரீட்சைக்கு 2 மார்க் கேள்வியாகப் படித்தது இங்கே ஒருவரின் வேலையைத் தொடுகிறது.

ஒரு மருத்துவமனையை எடுத்துக்கோங்க. ராத்திரி ஷிஃப்டில் ஒரு நர்ஸ். நோயாளியின் மருந்து விவரம் எல்லாம் கணினியில்தான். அன்று இரவு ஒத்திசைவு ஓடும்போது பயிற்சித் தளம், "அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு" என்று 429 பிழையைத் திருப்பி அனுப்புகிறது. 30 பக்கத்தில் 12 பக்கம்தான் வந்தது. நிரல் எழுதியவர், பதிவு வராதவர்களை எல்லாம் ஃபால்ஸ் என்று வைத்துவிட்டார். ஆளுகை அமைப்பின் விதி அதைப் பார்க்கிறது: "பயிற்சி முடிக்கவில்லை, அணுகலை நிறுத்து." போன மாதமே பயிற்சியை முடித்த அந்த நர்ஸ், ராத்திரி 2 மணிக்கு நோயாளியின் பதிவைத் திறக்க முடியாமல் நிற்கிறார். கேட்க மேனேஜரும் இல்லை, ஐடி ஆளும் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் நடக்கக் கூடியது. தடுக்க என்ன செய்யலாம்?

1. முழுப் பட்டியலும் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பாருங்க. ஸ்கிம் பதிலில் மொத்த எண்ணிக்கை தனியே வரும். வந்த பதிவுகள் அதோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த ஓட்டத்தையே தள்ளிவிட்டுப் பழைய நிலையை வைத்துக்கொள்ளுங்க.
2. 'தெரியவில்லை' என்பதற்குத் தனி மதிப்பு கொடுங்க. கடைசியாக எப்போது தகவல் வந்தது என்ற நேரத்தையும் பக்கத்திலேயே வையுங்க.
3. ஒரே ஓட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் நீக்கப்பட்டால் தானாக நிற்கும்படி ஒரு வரம்பு போடுங்க. பெரிய அடையாள அமைப்புகளில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கு. தேடி இயக்கணும், அவ்வளவுதான்.
4. கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் வேறு வேறு விதி வையுங்க. தகவல் இல்லையென்றால் புதிய அனுமதியைத் தாமதப்படுத்தலாம். ஆனால் தகவல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இருக்கும் அனுமதியைப் பறிக்கக் கூடாது.

நான்காவது விதியை மறுபடி ஒருமுறை படிங்க. கொடுக்காமல் இருப்பதும் பறிப்பதும் கணினிக்கு ஒன்றுதான், ஒரு பேட்ச் கோரிக்கை. உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் மனிதருக்கு அது ஒன்றல்ல.

சட்டமே 'பயிற்சி முதலில்' என்று சொல்லும் இடம்

"அப்படின்னா பயிற்சியை வைத்து அணுகலைக் கட்டுப்படுத்தவே கூடாதா?" என்று கேட்டால், அப்படியும் இல்லை. சில இடங்களில் அது கட்டாயம்.

2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் ஒரு மாபெரும் மின்தடை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேர் இருட்டில் இருந்தார்கள். அது சைபர் தாக்குதல் அல்ல. மின்கம்பிகள் மரங்களில் உரசியதும், கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் செயலிழந்ததும் காரணங்களில் முக்கியமானவை. அதன் பிறகு 2005-ல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம், மின்கட்டமைப்புக்கான நம்பகத் தரநிலைகளைக் கட்டாயமாக்க வழி செய்தது. நெர்க் என்ற அமைப்பு அந்தத் தரநிலைகளை வகுக்கிறது.

அவற்றில் சி.ஐ.பி 004 என்பது மனிதர்களைப் பற்றியது. மின்கட்டமைப்பின் முக்கியக் கணினிகளுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் பயிற்சி முடிந்திருக்கணும். அதன் பிறகு 15 மாதத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்கணும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் தொலைநிலை அணுகலும், துணையின்றி உள்ளே நுழையும் அனுமதியும் 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்படணும். நாம் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பு அங்கே ஒரு வசதி அல்ல, சட்டப்படியான தேவை.

அந்த விதியை எழுதிய விதத்தைக் கவனிங்க. 12 மாதம் என்று போடாமல் 15 என்று போட்டதால், வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் நிறுவனத்துக்கு 3 மாத இடைவெளி கிடைக்கிறது. அதோடு, உயிருக்கு ஆபத்து, இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழலில் 'பயிற்சி முதலில்' என்ற விதிக்கு விலக்கும் உண்டு. புயலில் கம்பங்கள் சாய்ந்துகிடக்கும்போது, சரிசெய்ய வந்த பொறியாளரிடம் "க்விஸ் முடிச்சுட்டீங்களா?" என்று கேட்டு நிறுத்தக் கூடாது, இல்லையா? கண்டிப்பான விதியிலும் அவகாசமும் விலக்கும் இருக்கு. நாம் எழுதும் விதியிலும் இருக்கணும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு அனுமதியைப் படிப்படியாகத் திறப்பதன் பயனுக்கு இன்னொரு சான்று பயிற்சித் துறையிலிருந்தே வந்தது. 2024 ஜூலையில் நோபிஃபோர் நிறுவனம் தானே வெளியில் சொன்ன விஷயம் இது. அவர்கள் வேலைக்கு எடுத்த ஒரு மென்பொருள் பொறியாளர், திருடப்பட்ட அடையாளத்தோடு வந்த வடகொரிய ஆள். லேப்டாப் கைக்குப் போனதும் அதில் தீநிரலை ஏற்றத் தொடங்கினார். பாதுகாப்புக் குழு கண்டுபிடித்து அந்தக் கணினியைத் தனிமைப்படுத்தியது. தரவு எதுவும் போகவில்லை என்றும், புதியவர்களுக்கு ஆரம்பத்தில் மிகக் குறைந்த அணுகலே தருவதாகவும் நிறுவனம் தெரிவித்தது. முதல் நாளே எல்லாக் கதவையும் திறந்து வைக்காததன் அருமை இதில் தெரியும்.

பயிற்சி முடித்தவர் பாதுகாப்பானவரா?

இணைப்பு போட்டாச்சு, டாஷ்போர்டில் 98 சதவீதம் பச்சை. நிம்மதியா? கொஞ்சம் பொறுங்க.

அமெரிக்காவின் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 8 மாதம் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. 10 முறை போலி ஃபிஷிங் மெயில்கள் அனுப்பினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஏமாறும் விகிதத்தில் இருந்த வித்தியாசம் வெறும் 1.7 சதவீதம். ஆண்டுப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தார்களா இல்லையா என்பதற்கும் ஏமாறுவதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஹெச் சூரிச் ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் நடத்திய ஆய்வு 2022-ல் வந்தது. போலி மெயிலைக் கிளிக் செய்தவுடன் காட்டும் பாடம் ஊழியர்களை உறுதியாக்கவில்லை, சில வேளைகளில் எதிர்விளைவும் உண்டாக்கலாம் என்று கண்டார்கள். ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. சந்தேக மெயிலைப் புகார் செய்யும் பட்டனை ஊழியர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் சொன்ன தகவலை வைத்துப் புதிய ஃபிஷிங் மெயில்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது.

இதிலிருந்து நம்ம இணைப்புக்கு இரண்டு பாடம் கிடைக்கிறது.

ஒன்று, 'முடித்தார்' என்ற புலம் ஒரு கடமை நிறைவேறியதற்கான சான்று மட்டுமே. அவர் ஏமாற மாட்டார் என்ற உத்தரவாதம் அல்ல. பயிற்சி முடித்தவர் என்பதற்காக இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையோ குறைந்தபட்ச அனுமதி என்ற கொள்கையையோ தளர்த்தக் கூடாது.

இரண்டு, போலி மெயிலைக் கிளிக் செய்ததை வைத்துத் தானாக அணுகலைப் பறிக்கும் விதியை எழுதாதீங்க. கிளிக் செய்தால் தண்டனை என்று தெரிந்த ஊழியர், நிஜ ஃபிஷிங் மெயிலில் ஏமாந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அந்த முதல் சில நிமிடங்களில் அவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் பாதுகாப்புக் குழுவுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. அதை ஒரு விதிக்காக இழக்கக் கூடாது.

அதனால் கிளிக் விவரத்தை அப்படியே ஆளுகை அமைப்புக்கு அனுப்ப வேண்டாம். நிலை, முடித்த தேதி, காலாவதித் தேதி, கடைசியாகத் தகவல் வந்த நேரம் ஆகிய 4 புலங்கள் பெரும்பாலான விதிகளுக்குப் போதும். க்விஸ்ஸில் எத்தனை தவறு செய்தார் என்பது மேனேஜருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

முடிவைப் படிகளாகப் பிரிங்க

கெடு தாண்டியது உறுதியான பிறகு என்ன செய்வது? ஒரே அடியில் கதவை மூடுவதற்குப் பதிலாக இப்படிப் படி வைக்கலாம்:

1. ஊழியருக்கே நினைவூட்டல்.
2. அவர் மேனேஜருக்குத் தகவல். நீண்ட விடுப்பில் இருக்கிறாரா என்பதையும் இந்தக் கட்டத்தில் பார்க்கணும். பிரசவ விடுப்பில் இருப்பவருக்குக் கெடு ஓடக் கூடாது.
3. பெரிய அனுமதிகள் மட்டும் மறுபரிசீலனைக்கு. அனுமதியின் பொறுப்பாளர் பார்த்து, தொடரலாமா வேண்டாமா என்று பெயர் போட்டு முடிவு செய்வார்.
4. நிறுத்துவது என்று முடிவானால், அந்தக் குறிப்பிட்ட அனுமதி மட்டும். மெயிலையும் பயிற்சித் தளத்தையும் நிறுத்தவே கூடாது. பயிற்சித் தளத்துக்கே போக முடியாவிட்டால் அவர் பயிற்சியை எப்படி முடிப்பார்?
5. முடித்தவுடன் அனுமதி தானாகத் திரும்ப வரணும். பறிப்பது தானியங்கி, திரும்பப் பெற டிக்கெட் போட்டு 3 நாள் காத்திருக்கணும் என்றால் அந்த வடிவமைப்பு பாதிதான் முடிந்திருக்கு.

இதில் முதல் 2 படியும் ஐந்தாவது படியும் நிரல் செய்யலாம். 3, 4 மனிதர் பார்த்துச் செய்யணும். அவசரத்துக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கு என்பதை விதி ஓடத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கணும்.

நீங்களே செஞ்சு பாருங்க

பெரிய நிறுவன மென்பொருள் எதுவும் வேண்டாம், லேப் கம்ப்யூட்டர் போதும். மினி புராஜெக்ட் தேடுபவர்களுக்கும் இது சரியாக இருக்கும்.

முதலில் மிட்பாயிண்ட்டை டாக்கரில் ஏற்றுங்க. ஊழியர் பட்டியலாக 20 கற்பனைப் பெயர்களோடு ஒரு சி.எஸ்.வி கோப்பு தயாரிங்க. பயிற்சித் தளமாக மூடிலை வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு கோர்ஸ் போட்டு, சிலர் முடித்ததாகவும் சிலர் முடிக்காததாகவும் வைத்து, நிறைவு அறிக்கையை சி.எஸ்.வி ஆகவே இறக்குங்க. இரண்டு கோப்பையும் மிட்பாயிண்ட்டில் இணைத்து, ஊழியர் எண்ணை வைத்துப் பொருத்துங்க. ஏ.பி.ஐ எழுத ஆசைப்படுபவர்கள் ஃபிளாஸ்க்கில் ஒரு குட்டி ஸ்கிம் சர்வரையே எழுதலாம்.

ஓடியதும் நிறுத்திடாதீங்க, இனிமேல்தான் சோதனை. ஒருவரின் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றுங்க. அவர் இரண்டு ஆளாகிறாரா? அறிக்கைக் கோப்பிலிருந்து பாதி வரிகளை அழித்துவிட்டு ஒத்திசைவை ஓட்டுங்க. மீதிப் பேரின் அனுமதி என்ன ஆகிறது? காலிக் கோப்பைக் கொடுத்தால்? ஒருவரை விலகியவராக்குங்க. அவர் பயிற்சி வரலாறு மிஞ்சுகிறதா?

பாதி வரிகளை அழித்த பிறகும் யாருடைய அனுமதியும் போகாமல், "தகவல் முழுமையாக வரவில்லை, பழைய நிலையே தொடர்கிறது" என்று உங்கள் அமைப்பு சொன்னால் நீங்க பாஸ்!

செய்து பார்த்தவர்கள் உங்கள் விதிகளை நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. குறிப்பாக, 'தெரியவில்லை' என்ற நிலை எத்தனை நாள் நீடித்தால் ஒரு மனிதரைக் கூப்பிடணும்னு நீங்க வைத்த எண்ணையும், ஏன் அந்த எண் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. மருத்துவமனைக்கு ஒரு எண், வங்கிக்கு ஒரு எண், நம்ம கல்லூரி லேபுக்கு ஒரு எண் வரலாம். அந்தக் காரணங்களைப் பேசுவதுதான் இந்தப் பாடத்தின் அடுத்த பகுதி.